அலைக்கு அலை எவ்வளவு தூரம்? பாய்மரப் படகின் உடலைச் செதுக்கும் கணக்கு

பாய்மரப் படகு ஒன்றைப் பார்த்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, இது எவ்வளவு பெரிய அலையைத் தாங்கும் என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் படகை வரைந்தவருக்கு அது இரண்டாவது கேள்வி. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், அந்த அலைகளைப் படகு எந்தப் பக்கமாகச் சந்திக்கப் போகிறது என்பதே அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.

ஆழ்கடலில் அலையின் நீளத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. அடுத்தடுத்த முகடுகள் நம்மைக் கடக்க ஆகும் நேரத்தை வினாடியில் எண்ணி, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, பிறகு 1.56 ஆல் பெருக்கினால் மீட்டரில் நீளம் வந்துவிடும். 5 வினாடிக்கு ஒரு முகடு என்றால் சுமார் 39 மீட்டர். 12 வினாடிக்கு ஒன்று என்றால் சுமார் 225 மீட்டர். இரண்டு கடலிலும் அலை 2 மீட்டர் உயரம்தான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் 10 மீட்டர் படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். உள்ளே சமையல்கூட நடக்கும். முதலாவதில் அதே படகு முட்டி மோதி, முன்முனை நீரில் அறைந்து, வேகத்தில் பாதியை இழக்கும். வானிலை அறிக்கையில் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் கரைக்குத் திரும்பியதும் அறிக்கையைத் திட்டுவார்கள். இடைவெளியும் அதே அறிக்கையில், பக்கத்துப் பத்தியிலேயே இருந்திருக்கும்.

படகு போகும் திசையும் இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. 5 வினாடி அலை வினாடிக்கு ஏறக்குறைய 7.8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதை எதிர்த்து, சற்றுக் குறுக்காக 6 நாட், அதாவது மணிக்கு 6 கடல் மைல், வேகத்தில் போனால் 4 வினாடிக்கு ஒரு முறை முகடு மோதும். திரும்பி அலையோடு ஓடினால் 8 வினாடிக்கு ஒரு முறைதான். கடலும் படகும் மாறவில்லை, ஆனாலும் மாலுமிக்கு அவை இரண்டு வேறு கடல்கள். அலையை எதிர்த்துப் போவதற்கு ஏற்ற உடலும் அலையோடு ஓடுவதற்கு ஏற்ற உடலும் ஒன்றாக இருக்க முடியாமல் போவது இங்கேதான் தொடங்குகிறது.

நீளம் என்ற முதலாளி

அலை ஒரு பக்கம் இருக்கட்டும். அமைதியான நீரில் போகும் படகே தன் பங்குக்கு அலை எழுப்புகிறது. முன்முனையில் ஒரு மேடு, பின்னால் இன்னொரு மேடு. வேகம் கூடக் கூட இந்த இரண்டு மேடுகளுக்கும் இடையிலான தூரம் நீள்கிறது. ஒரு கட்டத்தில் அது படகின் நீர்மட்ட நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு தானே எழுப்பிய மேட்டின் மீது ஏறியாக வேண்டும். கனமான படகால் அது முடியாது. நீர்மட்ட நீளம் 9 மீட்டர் என்றால் இந்த எல்லை சுமார் 7.3 நாட், 16 மீட்டர் என்றால் 9.7 நாட். நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து இது கூடுவதால், நான்கு மடங்கு நீளமான படகு இரண்டு மடங்கு வேகம்தான் போகும்.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870களின் தொடக்கத்தில் டார்க்கியில் ஒரு நீர்த்தொட்டி கட்டி, சின்ன மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து, பெரிய கப்பலின் தடையைக் கணக்கிடும் வழியைக் காட்டினார். இன்றைக்கும் வேகத்தையும் நீளத்தையும் இணைக்கும் எண்ணுக்கு அவர் பெயர்தான்.

இந்த எல்லையைத் தாண்ட ஒரு வழி, படகை இலேசாக்கி அதன் அடிப்பகுதியைத் தட்டையாக்குவது. அப்போது படகு நீரைப் பிளந்துகொண்டு போவதற்குப் பதில் நீரின் மேல் சறுக்கத் தொடங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டையான அடிப்பகுதியை 4 வினாடிக்கு ஒரு முறை எதிரலையில் கொண்டுபோய் அறைந்தால் என்ன ஆகும்?

எதிரலையில்

குறுகிய, செங்குத்தான அலைகள் அதிகம் எழும் கடல்கள் சில உண்டு. ஆழம் குறைந்த வட கடல், நாலாபுறமும் நிலம் சூழ்ந்த பால்டிக், காற்று எழுந்ததும் சில மணி நேரத்தில் கலங்கிவிடும் மத்தியதரைக் கடல். பரப்பு குறுகலாக இருந்தால் அலை நீள்வதற்குள் கரை வந்துவிடும். ஆழம் அலை நீளத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால் தரை தட்டுப்பட்டு, அலை சுருங்கி நிமிர ஆரம்பிக்கும். காற்றுக்கு எதிராக நீரோட்டம் ஓடினாலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்கக் கரையோரம் தென்மேற்காக ஓடும் அகுலாஸ் நீரோட்டத்தின் மேல் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது எழும் அலைகளைப் பெரிய சரக்குக் கப்பல்களே அஞ்சி ஒதுங்கிப் போவது அதனால்தான்.

இப்படிப்பட்ட கடலில் எதிர்காற்றில் போக வேண்டிய படகுக்கு, மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனை கூர்மையாக இருக்க வேண்டும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல அடிநோக்கிக் குவிய வேண்டும். அப்போதுதான் அலைமேல் விழும்போது நீர் இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். தட்டையாக இருந்தால் மொத்தப் பரப்பும் ஒரே கணத்தில் நீரைத் தொட்டு, படகு முழுக்க அதிரும்.

வடிவத்தைவிட இங்கே அதிகம் பேசப்பட வேண்டியது எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. நங்கூரம், சங்கிலி, தண்ணீர்த் தொட்டி, மேலே உயர்ந்து நிற்கும் பாய்மரம் என்று எடை நடுவை விட்டு விலக விலக, படகின் மூக்கு மேலும் கீழும் ஆடும் ஆட்டம் நிற்க மறுக்கும். அந்த ஆட்டத்தின் இயல்பான தாளமும் அலை மோதும் தாளமும் ஒன்றாகிவிட்டால், அலைக்கு அலை ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். அணியம் ஒரு அலையில் புதைந்து எழுவதற்குள் அடுத்தது வந்துவிடும். பாய் முன்னும் பின்னும் வீசப்படுவதால் அதன் மேல் காற்று ஒழுங்காக ஓடாது, வேகம் செத்துவிடும். பந்தயக்காரர்கள் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்து படகின் நடுவில் வைப்பது இதற்காகத்தான். உல்லாசப் பயணிகளோ கடைசியில் இருக்கும் பெட்டிகளை நிரப்பிவிட்டு, படகு சரியில்லை என்பார்கள்.

பால்டிக் பகுதி இந்தக் கேள்விக்குத் தந்த பதில் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1942இல் முதல் படகு நீரில் இறங்கிய ஃபோக்போட். ஒரு வடிவமைப்புப் போட்டிக்கு வந்த வரைபடங்களில் சிறந்த அம்சங்களைச் சேர்த்து, டோர்ட் சுண்டேன் என்பவர் இறுதி வடிவம் கொடுத்தார். நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.2 மீட்டர்தான். மொத்த எடை 2 டன்னுக்குச் சற்றுக் குறைவு; அதில் பாதிக்கு மேல் அடியில் இருக்கும் இரும்பு. ஒடுங்கலாக இருப்பதால் அலையைக் கிழித்துப் போகும். அடி கனமாக இருப்பதால் சாய்ந்தாலும் கவலைப்படாது. உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. இன்றைய வாடிக்கையாளர் அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நிராகரித்துவிடுவார். ஆனால் 1960இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் பந்தயத்தில் பிளாண்டி ஹாஸ்லர் ஓட்டிப்போனது இந்த ஃபோக்போட்டைச் சற்று மாற்றிய ‘ஜெஸ்டர்’ என்ற படகைத்தான்.

அலையோடு ஓடும்போது

இப்போது படகைத் திருப்புவோம். காற்று பின்னால், அலையும் பின்னால். இங்கே இரண்டு மரபுகள் மோதிக்கொள்கின்றன.

பழைய மரபுக்கு நார்வேயின் காலின் ஆர்ச்சர் நல்ல உதாரணம். 1890களில் அவர் வரைந்த மீட்புப் படகுகள் முன்பக்கம் போலவே பின்பக்கமும் கூம்பியவை, கனமானவை, அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் ‘கீல்’ என்ற பகுதி தலையிலிருந்து வால்வரை நீண்டு ஓடுபவை. பின்னால் வரும் அலையை அகலமான முதுகு காட்டித் தடுக்காமல், கூரான பின்முனையால் பிளந்து விட்டுவிடலாம் என்பது எண்ணம். நீண்ட கீல் படகை நேர்கோட்டில் பிடித்து வைக்கும். 1968–69இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி வந்த ‘சுஹைலி’ இந்த வழிவந்த படகு. பம்பாயில் தேக்கில் கட்டப்பட்டது, நீளம் 10 மீட்டருக்கும் குறைவு. 312 நாள் ஆனது. வேகமாகப் போகும் படகு என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள், அவர் உட்பட.

கூம்பிய பின்முனையைப் பற்றி நிறைய காதல் கதைகள் உண்டு. என் கணிப்பில் அதன் புகழில் பெரும்பகுதி அந்தப் படகுகளின் எடைக்கும் அடிப்பாரத்துக்கும் உரியது. பின்பக்கம் ஒடுங்கினால் அங்கே மிதக்கும் சக்தி குறையும். மிதக்கும் சக்தி குறைந்தால் பின்னால் வரும் அலையோடு சேர்ந்து அமரம், அதாவது பின்பகுதி, எழுவது தாமதமாகும். அலை ஏறி உள்ளே விழ வாய்ப்புண்டு. ஆர்ச்சர் வரைந்த படகுகளில் பின்பகுதி மேலே போகப்போக நன்றாகப் பருத்திருக்கும். அவரைப் பார்த்து நகலெடுத்த பலரும் அந்தப் பருமனை விட்டுவிட்டுக் கூரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எதிர் மரபு கலிஃபோர்னியாவில் உருவானது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஹவாய் வரை 2,225 கடல் மைல் ஓடும் டிரான்ஸ்பேக் பந்தயத்தில் பெரும்பாலான தூரம் பின்காற்று, நீண்ட பசிபிக் அலைகள். அலையை எதிர்க்கவே வேண்டாத கடலுக்கு எதற்குக் கனமான உடல்? 1960களில் பில் லாப்வொர்த்தின் கேல் 40 என்ற படகு, நீண்ட கீலைக் கைவிட்டுக் குட்டையான துடுப்புபோன்ற கீலும், அதிலிருந்து பிரிந்து பின்னால் தனியே தொங்கும் சுக்கானுமாக வந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் அந்தப் பந்தயத்தை 1965, 67, 69 என்று வரிசையாக மூன்று முறை வென்றது. 1977இல் பில் லீ அந்தப் பாதையின் எல்லைக்கே போனார். அவருடைய ‘மெர்லின்’ 20 மீட்டருக்கு மேல் நீளம், 3.7 மீட்டர்கூட இல்லாத அகலம், எடை 11 டன் சொச்சம். இன்றைய 12 மீட்டர் குடும்பப் படகுகளே 8, 9 டன் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு இலேசு என்று புரியும். பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை ஒன்றில் கட்டப்பட்ட அந்தப் படகு 8 நாள் 11 மணி நேரத்தில் ஹவாய் போய்ச் சேர்ந்தது. சராசரி கிட்டத்தட்ட 11 நாட். 20 ஆண்டு அந்தச் சாதனையை யாராலும் உடைக்க முடியவில்லை.

இலேசான படகுக்கு அலை எதிரி இல்லை, சறுக்கு மேடை. பின்னால் வரும் அலையின் முன்சரிவில் வழுக்கி இறங்கும்போது அதன் வேகம் அலையின் வேகத்தை எட்டுகிறது. கனமான படகு அதே சரிவில் கொஞ்சம் வேகமெடுத்துவிட்டு, அலையைத் தன்னைக் கடந்துபோக விட்டுவிடும்.

ஆபத்தும் இதே சரிவில்தான் இருக்கிறது. அலை முகட்டில் நீர்த்துளிகள் அலை போகும் திசையிலேயே நகர்கின்றன, பள்ளத்தில் எதிர்த்திசையில். முகடு பின்பக்கத்தைத் தூக்கும்போது சுக்கானைச் சுற்றியுள்ள நீர் படகோடு சேர்ந்தே ஓடுவதால் சுக்கானுக்குப் பிடி குறைகிறது. அதே நேரம் மூக்கு பள்ளத்தில் இறங்கி, எதிரே வரும் நீரில் குத்தி நிற்கிறது. முன்பக்கம் பிரேக் போட்டது போலவும் பின்பக்கம் தள்ளுவது போலவும் ஆகி, படகு சட்டென்று குறுக்கே திரும்பி அலைக்குப் பக்கத்தைக் காட்டும். கடலோட்டிகள் மிகவும் பயப்படும் கணங்களில் ஒன்று இது.

பின்பக்கம் அகலமான நவீனப் படகுகளுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். சாயும்போது அகலமான பின்பகுதி மிதந்து மேலே எழும். ஒடுங்கிய முன்பகுதி அமிழும். நடுவில் இருக்கும் ஒற்றைச் சுக்கான் நீரை விட்டு வெளியே வந்துவிடும். அதனால்தான் இப்போதைய படகுகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுக்கான்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று நீரில் இருக்கும்.

அப்புறம் யாரோ ஒருவர் யோசித்தார்: முன்பகுதியும் அகலமாக இருந்துவிட்டால் இந்தச் சமனின்மையே வராதே! அப்படி யோசித்துச் செய்தும் காட்டியவர் டேவிட் ரெய்சன் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர். 6.5 மீட்டர் படகுகளுக்கான மினி டிரான்சாட் பந்தயத்துக்கு, கூர்முனையே இல்லாமல் உருண்டையான மூக்கோடு ஒரு படகு கட்டி, 2011இல் அதில் வென்றார். பார்க்க அழகில்லை என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. சாய்ந்தாலும் உடல் சமமாகவே அமிழ்கிறது, மூக்கு புதைவதில்லை, பக்கக் காற்றிலும் பின்காற்றிலும் பறக்கிறது. ஆனால் குறுகிய எதிரலையில் அதே உருண்டை மூக்கு பட்ட பாட்டைக் கேட்டால், வட கடல்காரர்கள் ஏன் அதை இன்னும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்று தெரியும்.

பக்கத்திலிருந்து உடைந்து விழும் அலை

அலை முன்னாலும் பின்னாலும் வருவதைப் பார்த்தோம். படகு கவிழ்வது பெரும்பாலும் பக்கத்திலிருந்து, உடைந்து விழும் அலையால். சாதாரண அலை, எவ்வளவு உயரமாக இருந்தாலும், படகைத் தூக்கி இறக்கும். உயரம் நீளத்தில் ஏழில் ஒரு பங்கை நெருங்கும்போது அலை உடைகிறது. அப்போது டன் கணக்கில் தண்ணீர் அலையின் வேகத்தில் படகின் மேல் வந்து விழுகிறது.

1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் தென்முனைப் பாறைவரை போய்த் திரும்பும் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தைப் புயல் பிடித்தது. புறப்பட்டவை 303 படகுகள். 15 பந்தயக்காரர்கள் இறந்தார்கள். 24 படகுகள் கைவிடப்பட்டன. அவற்றில் 5 மூழ்கிப்போயின. படகு வடிவமைப்பில் அந்த இரவுக்கு முன், பின் என்று பிரித்துப் பேசலாம்.

அதற்குப் பிறகு சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மாதிரிகளை வைத்துச் சோதித்தார்கள். படகின் நீளத்தில் சுமார் 30 சதவீத உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் பிடித்தால் படகு படுத்துவிடும் என்று தெரிந்தது. 60 சதவீதத்தை எட்டினால் எந்த உருவமும் தப்பவில்லை, எல்லாம் உருண்டன. அதாவது 10 மீட்டர் படகைப் படுக்க வைக்க 3 மீட்டர் உடையும் அலையே போதும். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் எவரும் மறக்கக்கூடாத கணக்கு இதுதான். உடல் வடிவத்தால் கவிழ்வதை முழுக்கத் தடுக்க முடியாது. கவிழ்ந்த பின் என்ன நடக்கும் என்பதில்தான் வடிவம் பேசுகிறது.

ஒவ்வொரு படகுக்கும் ஒரு கோணம் உண்டு. அதுவரை சாய்ந்தால் தானாக நிமிரும். தாண்டினால் தலைகீழாகப் போய்விடும். ஒடுங்கலான, அடி கனத்த கான்டெஸா 32 என்ற படகுக்கு அந்தக் கோணம் சுமார் 155 டிகிரி. அந்தப் பந்தயத்தில் மிகச் சிறிய படகுகளின் பிரிவில் முடித்த ஒரே படகு ஒரு கான்டெஸா 32தான். அதே காலத்து அகலமான, இலேசான பந்தயப் படகுகள் சிலவற்றுக்கு அந்தக் கோணம் 120 டிகிரிக்கும் கீழே இருந்தது. 155 டிகிரி படகு தலைகீழானாலும், அடுத்த அலை ஒன்று தட்டினால் போதும், நிமிர்ந்துவிடும். 120 டிகிரி படகு தலைகீழாகவே சில நிமிடங்கள் இருந்துவிடலாம். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த நிமிடங்கள் எப்படிப் போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அகலம் இங்கே இரட்டை வேடம் போடுகிறது. நிமிர்ந்திருக்கும்போது அகலமான படகு உறுதியாக நிற்கும், நிறையப் பாய் தாங்கும். தலைகீழானால் அதே அகலம் அதே உறுதியோடு அதைத் தலைகீழாகவே வைத்திருக்கும். 1999 பிப்ரவரியில் தென்பெருங்கடலில் இசபெல் ஓட்டிசியேவின் 18 மீட்டர் பந்தயப் படகு கவிழ்ந்து, நிமிராமல் கிடந்தது. போட்டியாளரான ஜியோவானி சோல்டினி திரும்பி வந்து அவரை மீட்டார். அந்த வகுப்புப் படகுகள் தலைகீழ் நிலையிலிருந்து தாமாக நிமிர்வதைச் சோதனையில் காட்ட வேண்டும் என்ற விதி இதுபோன்ற விபத்துகளின் விளைவு.

ஃபாஸ்ட்நெட்டுக்குப் பிந்தைய ஆய்வுகளில் எதிர்பாராத ஒன்றும் வெளிவந்தது. பாய்மரம் உடைந்துபோன படகு இலேசாகிவிட்டது, இனி பாதுகாப்பு என்றுதான் தோன்றும். உண்மையில் அது இன்னும் எளிதாக உருளும். உயரத்தில் இருக்கும் பாய்மரத்தின் எடை, அலையின் திடீர் அடிக்குப் படகு உடனே சுழன்றுவிடாமல் தடுக்கிறது. அது போனதும் அந்தத் தடையும் போய்விடுகிறது.

கடலின் அமைப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. 1998 சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் 115 படகுகள் கிளம்பி 44 மட்டுமே முடித்தன, 6 பேர் இறந்தார்கள். வழியில் இருக்கும் பாஸ் நீரிணையின் சராசரி ஆழம் சுமார் 60 மீட்டர். 12 வினாடி அலை 110 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கிவிடும். போதாததற்கு, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டத்தின் முகத்தில் காற்று அடித்தது. திறந்த பெருங்கடலில் இதே காற்று எழுப்பும் அலை இன்னும் உயரமாக இருக்கலாம். ஆனால் நீளமாகவும் இருந்திருக்கும்.

ஆழமற்ற நீரும் இரட்டை உடலும்

ஆழமற்ற கடலில் பிரச்சினை வேறு. நெதர்லாந்து, ஜெர்மனி கரையோரத்து வாடன் கடலில் நீர் வற்றும்போது கடலடியே வெளியே தெரியும். அங்கே கீல் ஆழமாக இருந்தால் படகு சாய்ந்து விழும். அதனால் தட்டையான அடி, பக்கங்களில் தேவைப்படும்போது இறக்கும் பலகைகள். இங்கிலாந்தின் கழிமுகங்களில் இரண்டு குட்டைக் கீல்கள். நீர் வற்றினால் படகு இரண்டு காலில் நிற்கும். எதிர்காற்றில் இவை சற்று வழுக்கும், அவ்வளவுதான்.

இரட்டை உடல் படகு, அதாவது கேட்டமரான், தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்று மட்டும் சொல்லிவிடலாம். அதன் நிமிரும் சக்தி முழுக்க அகலத்திலிருந்து வருகிறது. ஒரு பக்க உடல் நீரை விட்டுக் கிளம்பும் நேரத்தில், சில டிகிரி சாய்விலேயே, அது உச்சத்தைத் தொட்டுவிட்டுக் குறையத் தொடங்கும். அடிப்பாரம் இல்லாததால் கவிழ்ந்தால் நிமிராது, மூழ்கவும் மூழ்காது. குறுகிய அலையில் இரண்டு உடல்களையும் இணைக்கும் பாலத்தின் அடியில் அலை வந்து அடிக்கும். விளம்பரப் படங்கள் எப்போதும் கண்ணாடி போன்ற நீரில் எடுக்கப்படுவதால் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை.

கடல் வரையாத கோடுகள்

படகின் எல்லா வளைவையும் கடல்தான் தீர்மானித்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1937இல் அமெரிக்கா கோப்பைக்காகக் கட்டப்பட்ட ‘ரேஞ்சர்’ 41 மீட்டர் நீளம், நீர்மட்டத்திலோ 26.5 மீட்டர்தான். முன்னும் பின்னும் அவ்வளவு நீளமாக நீண்டு தொங்கியது அழகுக்காக அல்ல. போட்டி விதி நீர்மட்ட நீளத்தைப் படகு நிமிர்ந்து நிற்கும்போது அளந்தது; படகு சாய்ந்ததும் அந்தத் தொங்கும் பகுதிகள் நீரில் அமிழ்ந்து இலவசமாக நீளம் கொடுத்தன. விதியை அளக்கும் ஆள் கரையில் நிற்பான், காற்று கடலில் அடிக்கும்.

1970களின் சர்வதேச விதியும் அப்படித்தான். குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் அளந்ததால் அங்கே புடைப்பு வைத்தார்கள். பின்பக்கத்தைக் கிள்ளி ஒடுக்கினார்கள். அந்தப் படகுகள் பின்காற்றில் இடமும் வலமுமாகக் கட்டுப்பாடின்றி உருளும். உறுதி குறைவாக இருந்தால் விதியில் சலுகை கிடைத்ததால் அடிப்பாரத்தையும் குறைத்தார்கள். ஃபாஸ்ட்நெட்டில் பல படகுகள் போனது அந்த விதிப்படி வரைந்த உடல்களோடுதான்.

இப்போதைய விதி எழுதுபவர், என் பார்வையில், படுக்கையறைகளை எண்ணும் வாடிக்கையாளர். நேராக நிற்கும் அணியமும் பின்முனைவரை குறையாத அகலமும் நீர்மட்ட நீளத்தைக் கூட்டுவது உண்மை. பின்னால் இரண்டு இரட்டைக் கட்டில் போட இடம் கிடைப்பதும் உண்மை. எது காரணம், எது சாக்கு என்று விற்பனையாளரிடம் கேட்டுப் பயனில்லை.

ஐரோப்பாவில் விற்கும் படகுகளுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் உண்டு. ‘பி’ என்றால் காற்றின் வலுவை எண்ணால் சொல்லும் பியூஃபோர்ட் அளவுகோலில் 8ஆம் எண் காற்றும் 4 மீட்டர் அலையும் வரை. ‘சி’ என்றால் 6ஆம் எண் காற்றும் 2 மீட்டர் அலையும் வரை. ‘ஏ’ அதற்கெல்லாம் மேல். உறுதிக்கான கணக்கில் கவிழும் கோணமும் இருக்கிறது. ஆனால் அலை வரம்பு உயரத்தில்தான் சொல்லப்படுகிறது; இடைவெளியைப் பற்றிப் படகில் பதிக்கும் தரத் தகட்டில் ஒரு சொல் கிடையாது. ஒரே ‘ஏ’ முத்திரையோடு நிற்கும் இரண்டு படகுகளில் ஒன்று பசிபிக் பின்காற்றுக்கும் மற்றது வட கடல் எதிரலைக்கும் வரையப்பட்டிருக்கலாம்.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் அலை படகைத் துரத்தியது. வேகத்தில் படகை நீரிலிருந்து தூக்கும் நீர்ச்சிறகுகள் பொருத்திய இன்றைய 18 மீட்டர் இமோகா பந்தயப் படகுகள் அந்த உறவையே திருப்பிப் போட்டுவிட்டன. 8 வினாடி அலை சுமார் 24 நாட் வேகத்தில் ஓடுகிறது, 10 வினாடி அலை சுமார் 30 நாட். நல்ல காற்றில் இந்தப் படகுகள் 25 நாட்டைத் தாண்டிப் போவதால், தென்பெருங்கடலில் முன்னால் போகும் அலையை இவை பின்னாலிருந்து பிடித்து, அதன் முதுகில் மூக்கை முட்டுகின்றன. பின்காற்றில் ஓடும் படகுக்கு எதிரலைக்காரனின் தொல்லை வந்துவிட்டது. கூரான அணியம் அந்த முதுகில் புதைந்து 25 நாட்டிலிருந்து சில நொடியில் பாதிக்கு இறங்குகிறது. உள்ளே இருப்பவர் சுவரில் போய் மோதுகிறார். அதனால் 2020க்குப் பிந்தைய பல இமோகாக்களின் மூக்கு ரெய்சனின் சின்னப் படகைப் போல அகன்று மேல்நோக்கி வளைந்திருக்கிறது. அதில் எவ்வளவு வளைவு வேண்டும், எதிர்காற்றில் அதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதில் வடிவமைப்பாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒரே பந்தயத்துக்கு வரும் புதுப் படகுகளின் மூக்குகளே ஒன்றுபோல் இருப்பதில்லை.